சின்ன இன நாய்க்குட்டி வரும் முன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? கேள்வி பதில்

ஷிட்சு, பொமரேனியன், பக், டாக்ஸ்ஹண்ட் மாதிரி சின்ன நாய்களை முதல் முறையாக வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். வீட்டிலும் சின்ன நாய்கள்தான். மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள். குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சின்ன நாய்தானே, பெரிதாக என்ன ஏற்பாடு வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளை பட்டினியும் பெரிது, ஒரு மாத்திரையும் பெரிது, சோபாவின் உயரமும் பெரிது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷிட்சு குட்டி வருகிறது. பிறந்து 40 நாள் ஆகிறது என்றார் விற்பவர். என்னென்ன வாங்கி வைக்கட்டும்?

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போடுங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. தவிர, 40 நாளில் திட உணவுக்கு அது இன்னும் சரியாகப் பழகியிருக்காது. இன்னும் இரண்டரை வாரம் தாயோடு இருக்கட்டும். முன்பணம் கொடுத்திருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். மறுக்கிற ஆளிடம் குட்டி வாங்குவதையே யோசிக்க வேண்டும். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். விளிம்பு தாழ்வான கனமான கிண்ணம் இரண்டு, துவைக்க வசதியான பழைய போர்வைகள், குட்டியை ஒரு பக்கமாக வைத்துக்கொள்ள மடக்குத் தடுப்பு ஒன்று, கடித்துப் பழக ரப்பர் பொம்மை, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ். கழுத்துப் பட்டையில் பெயரும் போன் எண்ணும் மாட்டலாம், ஆனால் கயிற்றை அதில் கட்டாதீர்கள். சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது, இழுக்க இழுக்கக் கெட்டுப்போகும். விலை உயர்ந்த மெத்தை இப்போது வேண்டாம். பல் முளைத்து விழுந்து முடிவதற்குள் அதைப் பிய்த்துப் பஞ்சை விழுங்கிவிடும்.

கோவையிலிருந்து: வீட்டைக் குட்டிக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும் என்கிறார்கள். எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சாண் உயரத்தில் கண் இருந்தால் கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரை தெரியும், டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர் தெரியும், பீரோவின் மூலையில் கிடக்கும் அந்துருண்டை தெரியும். அந்துருண்டை விஷம். பூஜை அலமாரி கீழ்த்தட்டில் இருந்தால் கற்பூரத்தை மேலே ஏற்றுங்கள். கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரலாம். எண்ணெய் ஊறிய விளக்குத் திரியை வாசனைக்காகவே தின்றுவிடும், பிறகு குடலில் சிக்கும். கொசுவர்த்திச் சுருள், கரப்பான் மருந்து, எலி மருந்து எதுவும் தரையில் இருக்கக் கூடாது. எலி மருந்தை ஒளித்து வைப்பது போதாது, அதை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள்.

வெளியே போய் வந்ததும் கைப்பையைத் தரையில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தலைவலி மாத்திரையும் சர்க்கரை இல்லாத சூயிங்கமும் அதற்குள்தான் இருக்கும். அந்தச் சூயிங்கத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால்கூட இந்த அளவு உடம்புக்கு ஆபத்து.

அப்புறம் அசையும் பொருள்கள். நம் ஊர் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது ஊஞ்சலைத்தான். ஆடும் பலகை குட்டியின் தலை உயரத்தில் வந்து மோதும். குட்டி ஆறு மாதம் ஆகும்வரை ஊஞ்சலைக் கழற்றி வைப்பது அல்லது கட்டி வைப்பது நல்லது. காற்றில் அறைந்து சாத்தும் கதவுக்குக் கீழே கட்டை கொடுங்கள். சாய்வு நாற்காலி, துணி துவைக்கும் இயந்திரத்தின் திறந்த வாய், குளியலறையில் நிரப்பி வைத்த வாளி, மூடி சரியில்லாத தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளி பெரிய நாய்க்கு ஒன்றுமில்லை. பொமரேனியன் குட்டி அதில் அப்படியே நுழைந்துவிடும். வலையோ பிளாஸ்டிக் தகடோ ஓர் அடி உயரத்துக்கு அடித்தால் போதும். கேட்டுக்குக் கீழே உள்ள சந்தும் அப்படித்தான். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் குட்டி யார் கையில் இருக்கிறது என்று கேட்பதை வீட்டில் எல்லாரும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் முழு வீட்டையும் சரிசெய்ய முடியவில்லையா? ஓர் அறையை மட்டும் சரிசெய்து, தடுப்பு வைத்து அங்கேயே விடுங்கள். முதல் சில வாரங்களுக்குக் குட்டிக்கு ஓர் அறை தாராளம்.

நாகர்கோவிலிலிருந்து: வீடு முழுக்க பளபளப்பான டைல்ஸ். குட்டி வழுக்கி வழுக்கி விழுகிறது, பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. பழகிவிடுமா?

பழகாது. சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு இடம் விட்டு நகரும் குறை பிறவியிலேயே வரக்கூடியது. வழுக்குகிற தரையில் அந்தக் கால்களுக்குத் தினமும் சிரமம் கூடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் குட்டி திடீரென்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தத்திவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடினால், அதை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரிய விரிப்பு வாங்க வேண்டியதில்லை. குட்டி நடக்கும் வழியில், கிண்ணத்திலிருந்து படுக்கைக்கும் படுக்கையிலிருந்து வாசலுக்கும், அடியில் ரப்பர் உள்ள கால்மிதிகளையோ யோகா பாயையோ போடுங்கள். வெறும் சாக்கு போட்டால் அதுவே வழுக்கும். பாதத்து விரல்களுக்கு நடுவே முடி வளர்ந்து பிடிமானம் போகும். ஷிட்சுவுக்கு அதை மாதம் ஒரு முறை வெட்ட வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்க விடாதீர்கள். பொமரேனியன், சிவாவா மாதிரியான மெல்லிய எலும்புக் குட்டிகள் முன்னங்கால் முறிந்து எங்கள் மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் சோபாவிலிருந்து, இல்லை என்றால் யாரோ ஒருவர் கையிலிருந்து நழுவித்தான். டாக்ஸ்ஹண்டுக்கு நீள முதுகு, முதுகெலும்பின் வட்டு விலகினால் பின்னங்கால்கள் செயலிழந்துபோகலாம். மேலே வேண்டும் என்றால் நீங்கள் தூக்கி வையுங்கள், நீங்களே இறக்கி விடுங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே. முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

சேலத்திலிருந்து: மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். எந்தச் செடிகளை எடுக்க வேண்டும்?

அரளியை முதலில் எடுங்கள். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டுமே இதயத்தைத் தாக்கும். சைகஸ் பனை, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு ஆகியவையும் கூடாது. மணி பிளான்ட், டைஃபென்பேக்கியா கடித்தால் வாய் எரிந்து எச்சில் வழியும். அவற்றை உயரத்தில் தொங்க விடலாம். துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலை, ரோஜா இருக்கட்டும். உரமாகப் போடும் எலும்புத் தூளும் வேப்பம் புண்ணாக்கும் நாய்க்கு வாசனையாக இருக்கும். புதிதாக உரமிட்ட தொட்டியைத் தோண்டித் தின்றுவிடும். மூட்டையைப் பூட்டி வையுங்கள்.

திருச்சியிலிருந்து: பாட்டி பாலும் மேரி பிஸ்கட்டும்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர் பாக்கெட் உணவு மட்டும் என்கிறார். எது சரி? ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

பாட்டிக்குக் குட்டிமேல் அக்கறை இருக்கிறது, அது பெரிய பலம். வேளை தவறாமல் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். பாலை மட்டும் நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் இந்த உடம்பில் நீர் சீக்கிரம் வற்றிவிடும். மேரி பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும் தவிர ஒன்றுமில்லை.

குட்டி இதுவரை என்ன தின்றதோ அதையே ஒரு வாரம் கொடுங்கள். பிறகு ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு மாற்றுங்கள். சின்ன இனக் குட்டிகளுக்கான உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுப்பது எளிது. வீட்டுச் சமையல் என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, சாதம், முட்டை, கேரட் கொடுக்கலாம். ஆனால் அதையே முழு உணவாக வைப்பதென்றால் சுண்ணாம்புச் சத்து முதலியவற்றை மருத்துவரிடம் கேட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். குழம்புச் சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு, மாங்கொட்டை எல்லாம் கூடாது. பாயசத்தில் போட்ட ஒன்றிரண்டு திராட்சைதானே என்று நினைக்காதீர்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி வேளைக் கணக்கு. மூன்று, நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, கடைசி வேளை நீங்கள் தூங்கப் போகும் முன். சின்னக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ, புது வீட்டுப் பதற்றத்தில் சாப்பாட்டை மறுத்தாலோ, குளிரில் கிடந்தாலோ சர்க்கரை இறங்கிவிடும். கண் சொருகும், தள்ளாடும், நடுங்கும், அப்புறம் வலிப்பு. அப்படிப் பார்த்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தெளிந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பவும் கூடாது. பாட்டிக்கும் இதைச் செய்து காட்டி வையுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: நான்கு மாதம் முன்பு எங்கள் குட்டி பார்வோ வந்து இறந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் அழுகிறார்கள். இன்னொன்று கொண்டுவரலாமா? பினாயில் போட்டு நன்றாகக் கழுவிவிட்டோம்.

உங்கள் வருத்தம் புரிகிறது. குடலைத் தாக்கும் பார்வோ கிருமி வந்த சின்னக் குட்டியைக் காப்பாற்றுவது மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாலும் கடினம். நீங்கள் எதையும் விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள்.

பினாயில் போதாது. பார்வோ கிருமி வீட்டுக்குள் மாதக்கணக்கில் இருக்கும், நிழலான மண்ணில் ஒரு வருடம்வரைகூடத் தாங்கும். ஆல்கஹால் கை திரவமும் அதைக் கொல்லாது. கடையில் திரவமாகக் கிடைக்கும் பிளீச் வேலை செய்யும். முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பயனில்லை. பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட்டுக் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேறு எந்தத் திரவத்தோடும் பிளீச்சைக் கலக்காதீர்கள். பழைய கிண்ணம், பொம்மை, படுக்கை, கயிறு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஞாபகத்துக்கு எதையாவது வைத்துக்கொள்ள விரும்பினால் பெட்டியில் போட்டு மூடி மேலே வையுங்கள். குட்டி இருந்த இடம் மண் தரை என்றால் அதைச் சுத்தம் செய்ய வழியில்லை, புதுக் குட்டியை அங்கே விடாதீர்கள்.

அடுத்ததாக, தடுப்பூசி வரிசை முடிந்த குட்டியைக் கொண்டுவாருங்கள். 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை வீதம் 16 வாரம் வரை போட வேண்டும். ஓர் ஊசி போட்டாகிவிட்டது என்பது பாதுகாப்பு ஆகாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும்போது ஊசி சரியாக வேலை செய்யாது என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். நான்கு மாதக் குட்டியும் குட்டிதான், பிள்ளைகளோடு நன்றாகவே ஒட்டிக்கொள்ளும்.

ராமநாதபுரத்திலிருந்து: பக் குட்டி, ஏசி இல்லாத ஓட்டு வீடு. கத்திரி வெயிலைத் தாங்குமா?

கஷ்டம். வெளிப்படையாகச் சொல்கிறேன், இன்னும் வாங்கவில்லை என்றால் பக் வேண்டாம். நாய் உடம்பைக் குளிர்விப்பது மூச்சு வாங்கித்தான். பக்குக்கு மூக்கே சப்பை, காற்று போகும் வழியே குறுகல். உங்கள் ஊர் வெக்கையில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நம் நாட்டுக் குட்டி ஒன்றைத் தத்தெடுத்தால் அந்த வெயிலுக்கு அது பிறப்பிலேயே தயார்.

வாங்கிவிட்டீர்கள் என்றால்: வீட்டிலேயே குளுமையான தரையைக் கண்டுபிடித்து மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுங்கள். ஓட்டுக்கு அடியில் தென்னங்கீற்றோ தெர்மோகோலோ அடித்தால் வித்தியாசம் தெரியும். நடைப்பயிற்சி விடியலில் மட்டும். புறங்கையைச் சாலையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் குட்டியையும் இறக்காதீர்கள். மூச்சிரைப்பு நிற்காமல் நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறு போல் வழிந்தால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: முதல் ராத்திரி முழுக்க அழுததாம் எங்கள் தோழி வீட்டுக் குட்டி. தனியாக விட்டால்தான் பழகும் என்கிறார்களே, அக்கா?

அந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை. நேற்றுவரை நாலைந்து உடம்புகளின் சூட்டில் தூங்கியது. படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள், அழுதால் கையை நீட்டித் தொடுங்கள். தாயின் வாசனை பட்ட துணி ஒன்றை விற்பவரிடம் கேட்டு வாங்கி வந்தால் பாதி அழுகை குறையும். சில ராத்திரிகளில் அடங்கிவிடும். கட்டிலில் மட்டும் கூடப் படுக்க வைக்காதீர்கள். புரண்டு படுத்தால் நசுங்கும், விழுந்தால் எலும்பு உடையும்.

அம்பத்தூரிலிருந்து: நான்காவது மாடி. ஒவ்வொரு முறையும் கீழே ஓட முடியாது. சிறுநீர் பழக்கம் எப்படி?

ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவே கூடாது, அதனால் வீட்டுக்குள் ஓர் இடம் எப்படியும் வேண்டும். பால்கனி மூலையில் செய்தித்தாள் விரித்த தட்டு போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி முடித்ததும், இடையில் மணிக்கு ஒரு முறையும் அங்கே தூக்கிப் போய் நிறுத்துங்கள். சிறுநீர் போனவுடனே, அதே இடத்தில் பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். சின்ன இனத்துக்குச் சிறுநீர்ப்பையும் சின்னது, பழக மாதங்கள் ஆகும். தவறான இடத்தில் போனால் மூக்கைத் தேய்க்காதீர்கள், அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள். 14 வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் குட்டி சாதாரணமானது என்று எடுத்துக்கொள்கிறது. கையில் ஏந்தி லிஃப்ட், வண்டிச் சத்தம், குடை, ஹெல்மெட் போட்ட மனிதர் எல்லாம் காட்டுங்கள்.

அதே அம்பத்தூரிலிருந்து: குடியிருப்போர் சங்கத்தில் நாய் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்கிறார்கள்.

அப்படித் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது, அச்செடுத்துக் கொடுங்கள். அதே சமயம் பொது இடத்தில் கயிறு இல்லாமல் விடுவதும் அசுத்தத்தை அள்ளாமல் வருவதும் நம் தவறு. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை. மூன்று மாதம் ஆனதும் அந்த ஊசியைப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

தேனியிலிருந்து: நான்கு வயதுப் பையன் இருக்கிறான். குட்டி விளையாட்டாகக் கீறினால், கடித்தால் ஊசி தேவையா?

தேவை. குட்டிக்கு இன்னும் ரேபிஸ் ஊசி போட்டிருக்க மாட்டார்கள், தாய்க்குப் போட்டார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. கீறல் லேசாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள்.

பையனுக்கு ஒரே விதி: தரையில் உட்கார்ந்தால்தான் குட்டி மடிக்கு வரும், நின்றுகொண்டு தூக்கக் கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. இருவரையும் தனியாக ஓர் அறையில் விடாதீர்கள், ஐந்து நிமிடம்கூட.

காரைக்குடியிலிருந்து: தீபாவளிக்கு முந்தின நாள் குட்டியைக் கொண்டுவரலாமா? அன்றுதான் எல்லாருக்கும் லீவு.

வேண்டாம். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள். புது இடத்துப் பயத்தோடு பட்டாசுச் சத்தமும் சேர்ந்தால் அந்தப் பயம் ஆயுசுக்கும் தங்கும்.

தஞ்சாவூரிலிருந்து: எங்கள் பகுதியில் இரவில் மருத்துவர் கிடையாது. என்ன ஏற்பாடு செய்து வைப்பது?

குட்டி வருவதற்கு முன்பே ஒரு மாலை கிளம்பிப் போய்ப் பக்கத்து மருத்துவர்களைப் பாருங்கள். இரவில் அழைத்தால் எடுப்பார்களா என்று நேரில் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். உங்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி, மற்றவர்களுக்கு நாமக்கல், திருநெல்வேலி. அவசர நேரம் எதுவரை என்று விசாரித்து எண்ணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். இரவில் வர ஒப்புக்கொள்ளும் ஆட்டோக்காரர் எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள், நாயை ஏற்ற மாட்டேன் என்று நடுச்சாமத்தில் சொல்பவர்கள் உண்டு.

வாசல் பக்கம் ஒரு கூடை. அதில் ஒரு பழைய துண்டு, குளுக்கோஸ் பொட்டலம், தெர்மாமீட்டர், தடுப்பூசி அட்டை, வாராவாரம் எடை குறித்த ஒரு தாள். குட்டியின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மைவிட அதிகம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எதையாவது தின்றுவிட்டது என்றால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்றதன் அட்டையையோ, செடி என்றால் ஒரு கிளையையோ கையோடு எடுத்துக்கொண்டு, குட்டியின் எடையைப் போனிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் வந்து சேர்வதற்குள் மருந்தின் அளவைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.